போர் ஓய்ந்த நாட்டில் செல்போன் உடனே வருகிறது, இன்டர்நெட் ஏன் இழுக்கிறது? பேக்ஹால், டீசல், கண்ணிவெடி பற்றி

இந்திராநகர்_கார்த்திக்
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் அல்சூர்ல நம்ம டெலிகாம் வட்டத்துல நான் பேசணும். போர் முடிஞ்ச நாட்டுல தொலைத்தொடர்பு எப்படி வளருதுங்கிறதுதான் தலைப்பு. இலங்கையோட வடக்கு, அதாவது 2009 மே-க்கு அப்புறம் வவுனியாவுக்கு வடக்கே இருக்கிற பகுதி, முக்கிய எடுத்துக்காட்டு. கூடவே லைபீரியாவையும் தொடலாம்னு இருக்கேன். படிச்ச வரைக்கும் எல்லா நாட்டுலயும் ஒரே கதைதான். பேச்சு ஒரு வருஷத்துல ஊர் ஊராப் போயிடுது, இன்டர்நெட் மட்டும் பல வருஷம் பின்னாடி வருது. டவர் அதேதான், ஆளும் அதே ஆள்தான். அப்போ எங்க மாட்டிக்குது? பொதுவா "உள்கட்டமைப்பு இல்லை"ன்னு சொல்லாம, கணக்கோட சொல்லுங்க.

கோபுரம்_சண்முகம்
கணக்காவே பார்த்துடலாம் தம்பி.

ஒரு கிராமப்புற 2ஜி சைட்டை எடுத்துக்கோ. மூணு செக்டர் (ஒவ்வொண்ணும் ஒரு திசை), செக்டருக்கு ரெண்டு டிஆர்எக்ஸ் (ரேடியோ யூனிட்). ஒரு டிஆர்எக்ஸ்ல 8 டைம்ஸ்லாட், ரெண்டுக்கு 16. கட்டுப்பாட்டுச் சேதிக்கான பிசிசிஎச்சுக்கு ஒண்ணு, எஸ்டிசிசிஎச்சுக்கு ஒண்ணு கழிச்சா பேச்சுக்கு 14. நூறு அழைப்புல ரெண்டு இடமில்லாம விழலாம்னு வெச்சா (2 சதவீத பிளாக்கிங்), எர்லாங் பி அட்டவணை 8.2 எர்லாங் தரும் (ஒரு எர்லாங்னா ஒரு லைன் முழு நேரமும் பேச்சுல இருக்கிறது). பிஸி அவர்ல (நெரிசல் அதிகமான மணி நேரம்) ஆளுக்கு 25 மில்லி எர்லாங்னு வெச்சா செக்டருக்கு 328 பேர், சைட்டுக்கு 980 சொச்சம். இந்த மொத்த டிராஃபிக்கையும் டவர்லேர்ந்து பின்னாடி மெயின் நெட்வொர்க்குக்குக் கொண்டுபோக (இந்தப் பாதைதான் பேக்ஹால்) ஒரே ஒரு இ1 லைன், அதாவது 2 எம்பிபிஎஸ், தாராளம். அதுலயும் இடம் மிஞ்சும்.

அதே 980 பேருக்கு இன்டர்நெட் குடு. பிஸி அவர்ல பத்துல ஒருத்தர், ஆளுக்கு வெறும் 500 கேபிபிஎஸ். 49 எம்பிபிஎஸ் ஆச்சு. இருபத்தஞ்சு இ1 வேணும். எட்டு சைட்டைச் சங்கிலியாக் கோத்து ஒரு ஹப்புக்குக் கொண்டுவந்தா 400 எம்பிபிஎஸ். 28 மெகாஹெர்ட்ஸ் சேனல்ல 128 க்யூஏஎம் (தரவை அலைல ஏத்துற முறை) ஓடுற மைக்ரோவேவ் லிங்க் (டவருக்கு டவர் ரேடியோ இணைப்பு) ஒண்ணு ஏறக்குறைய 150 எம்பிபிஎஸ்தான் தரும்.

டவர்ல ரேடியோவை மாத்துறது ரெண்டு நாள் வேலை. பின்னாடி இருக்கிற பாதையை 2 எம்பிபிஎஸ்லேர்ந்து 400க்குக் கொண்டுபோறதுதான் வருஷக்கணக்குல இழுக்கும். உன் பேச்சுல இந்த ஒரு கணக்கை போர்டுல எழுதிடு, மீதி தானா வரும்.

பேக்ஹால்_மீனா
சண்முகம் அண்ணா சொன்னதோட மைக்ரோவேவ் பக்கத்தையும் சேர்க்கிறேன். வடக்கு இலங்கை தட்டை நிலம். பெங்களூருல இருக்கிறவங்களுக்கு இது உடனே மனசுல படாது. நமக்கு இங்க ஏதாவது ஒரு மேடு கிடைச்சிடும், 30 மீட்டர் மாஸ்ட் போட்டா லிங்க் நிக்கும். அங்க உயரம் முழுக்க எஃகுலதான் கட்டியாகணும்.

30 கி.மீ. ஹாப் (ஒரு டவர்லேர்ந்து அடுத்த டவர்), 7 ஜிகாஹெர்ட்ஸ், நட்டநடுவுல ஒரு தடைன்னு வைங்க.

பூமியின் வளைவு: ரெண்டு முனையிலேர்ந்தும் உள்ள தூரத்தைக் கி.மீ.ல பெருக்கி 17ஆல வகுங்க (காத்து அலையை வளைக்கிற அளவைச் சொல்ற கே மதிப்பு 4/3க்கு). 15 பெருக்கல் 15, 225. வகுத்தா 13.2 மீட்டர்.
முதல் ஃப்ரெனல் மண்டலம் (அலை பரவிப் போற பகுதி) நடுவுல 17.9 மீட்டர் ஆரம். அதுல 60 சதவீதம் காலியா இருக்கணும், 10.8 மீட்டர்.
பனை மரம் 25 மீட்டர்.
மொத்தம் 49. ரெண்டு முனையிலும் 50 மீட்டர் டவர்.

இதுல கே மதிப்பு குறையுற நேரத்துக்கும் மரம் வளருறதுக்கும் எதுவும் ஒதுக்கல. ஒதுக்கினா 60 மீட்டர்.

சிக்னல் அளவுல பிரச்சினை இல்ல. 1.8 மீட்டர் டிஷ் ரெண்டு பக்கமும், 27 டிபிஎம் பவர் போட்டா ரிசீவர்ல மைனஸ் 33 டிபிஎம்முக்குப் பக்கத்துல வரும், மார்ஜின் (சிக்னல் குறைஞ்சாலும் தாங்குற அளவு) 35 டிபிக்கு மேல இருக்கும். காகிதத்துல அருமையான லிங்க். ஆனா யாழ்ப்பாணக் கடல்நீரேரியைத் தாண்டும்போதுதான் சோதனை. தண்ணில பட்டுத் தெறிக்கிற அலையும் நேரா வர்ற அலையும் எதிர்ப்போக்குல சேர்ந்தா 30 டிபி ஒரே மூச்சுல காணாமப் போகும். காத்தே இல்லாத ராத்திரி, விடியக்காலை நேரம்தான் மோசம். பகல்ல போய் அலைன்மெண்ட் பார்க்கிறவங்க கண்ணுல இது படவே படாது.

செய்ய வேண்டியது: ஒரு முனையை உயரமாவும் மறு முனையைத் தாழ்வாவும் வெச்சு, தெறிக்கிற புள்ளியைத் தண்ணிலேர்ந்து கரைப்பக்கம், புதர் இருக்கிற நிலத்துக்குத் தள்ளணும். அது முடியாத இடத்துல ஒரே டவர்ல ரெண்டு டிஷ், மேலும் கீழுமா. 7 ஜிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 4.3 செ.மீ., அதுல 200 மடங்கு இடைவெளின்னா 8.6 மீட்டர். டவர் டிசைன் பண்ணும்போதே இந்த ரெண்டாவது டிஷ்ஷோட காத்தடிப் பளுவைச் சேர்த்துடணும். அப்புறம் சேர்க்கணும்னா காலையே பலப்படுத்தணும்.

பூநகரிக்_காற்று
மீனா அக்கா, கணக்குச் சரி. ஆனால் பனை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆனையிறவுக்கு வடக்கே, குடாநாட்டுக்குள்ளேதான் பனங்கூடல் அதிகம். வவுனியாவிலிருந்து மாங்குளம் வரை வன்னிக் காடு, பாலையும் வீரையும் நிற்கிற உலர் காடு. அங்கே ஒற்றை மரம் இல்லை, பாதை முழுக்க மேற்கூரை போல இலை. தனிப் பனை என்றால் டிஷ்ஷைச் சற்றுத் தள்ளி வைத்துத் தப்பலாம், காட்டில் அது நடக்காது. செயற்கைக்கோள் உயர வரைபடத்தை வைத்துத் திட்டமிடுகிறவர்கள் அது தரை உயரமா, மர உச்சியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 90 மீட்டர் தெளிவுள்ள ரேடார் தரவு அடர்ந்த காட்டில் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கும். நேரே போய்ப் பார்க்காமல் டவர் உயரத்தை எழுதக் கூடாது.

இன்னொன்று. உவர்க்காற்று. கடல்நீரேரிக் கரையில் நட்டு போல்ட்டுக்குச் சாதாரண துத்தநாகப் பூச்சு போதாது, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் ஹாட் டிப்தான் வேண்டும். கேபிளுக்கு மண் இணைப்பு கொடுக்கும் கிட்டின் மேல் சுற்றிய டேப் உரிந்தால் ஒரு மாரியிலேயே செம்பு பச்சை பிடித்துவிடும்.

ஃபைபர்_அன்வர்
மைக்ரோவேவ் எல்லாம் இடைக்காலம்தான், கடைசில ஃபைபர். ஆனா போர் நடந்த மண்ணுல குழி தோண்டுறதுங்கிறது நம்ம ஊர் ரோடு கட்டிங் பர்மிஷன் மாதிரி விஷயமே இல்ல.

நம்ம நாட்டு வழக்கத்துல நெடுஞ்சாலை ஓரம் 1.65 மீட்டர் ஆழம், 40/33 எம்எம் எச்டிபிஈ டக்ட் (கேபிள் போற பிளாஸ்டிக் குழாய்). கண்ணிவெடி அகற்றினதுக்குச் சான்றிதழ் இருந்தாலும் அதுல எந்த ஆழம் வரைக்கும், எந்த அகலத்துக்குன்னு போட்டிருக்கும். ஆளைக் கொல்ற கண்ணி மேலாக, ஒரு சாண் ஆழத்துக்குள்ள இருக்கும். அதை அகற்றியாச்சுன்னு அர்த்தம். வெடிக்காத மோட்டார் குண்டு அதைவிடக் கீழ புதைஞ்சிருக்கலாம், நம்ம பக்கெட் நேரா அங்கதான் போகுது. அதனால:

1. சாலை ஓர எல்லையைச் சான்றிதழ் வரைபடத்தோட ஒப்பிட்டு, டிரெஞ்ச் கோடு முழுசும் உள்ள இருக்கான்னு பாருங்க. சாலையை அகலப்படுத்தினப்போ தோண்டிக் கொட்டின மண்ணு வேற இடத்துலேர்ந்து வந்திருந்தா அது அகற்றின நிலம் ஆகாது.
2. ஜேசிபி இறங்குறதுக்கு முன்னாடி ஆழமா உணரும் டிடெக்டர் வெச்சுக் கோடு முழுக்க நடக்கணும்.
3. முடிஞ்ச இடத்துல புதுசாப் போட்ட சாலையோட திண்டுக்குள்ளயே, ஆழத்தைக் குறைச்சு, மேல கான்கிரீட் மூடி போட்டுக் கொண்டுபோங்க. ஆழக் குறைவுக்கு ஒரு விலை உண்டு, மறுபடி சாலை போடுறவன் வெட்டுவான். ஆனா உயிருக்கு அது எவ்வளவோ மேல்.

டவருக்கும் இதே விதி. கம்பி இழுத்துக் கட்டுற மாஸ்ட் விலை குறைவுன்னு எல்லாரும் கேப்பாங்க. 60 மீட்டர் மாஸ்ட்டுக்கு நங்கூரம் அடியிலேர்ந்து நாப்பது மீட்டர் தள்ளிக்கூடப் போகும், மூணு திசையிலும். அந்த வட்டம் முழுக்க அகற்றின நிலமா இருக்கணும். நாலு கால் டவர்னா ஒரு சின்ன மனை சைஸ் இடம் போதும். எஃகு செலவு கூடினாலும் இந்த மாதிரி நிலத்துல நாலு கால்தான்.

இப்போ நீளக் கணக்கு. வவுனியா–கிளிநொச்சி ஏ9 நெடுஞ்சாலை வழியா 80 கி.மீ.ன்னு வைங்க. 1550 நானோமீட்டர் ஒளிக்குக் கி.மீ.க்கு 0.22 டிபி இழப்பு, ஆக 17.6. ஒரு டிரம்ல (கேபிள் சுருள்) 2 கி.மீ., அதனால 40 ஸ்பிளைஸ் (ஒட்டு), ஒவ்வொண்ணும் 0.08னா 3.2. ரெண்டு பக்க கனெக்டர், பேட்ச் எல்லாம் 1. மொத்தம் 21.8. பின்னாடி வெட்டுப்பட்டு ஒட்டுறதுக்கு 3 டிபி ஒதுக்கினா 24.8. 80 கி.மீ. ரகப் 10 கிகாபிட் ஆப்டிக்ஸ் 24 டிபி வரைக்கும்தான் தாங்கும். ஆக, பல வெட்டு விழுந்து அந்த ஒதுக்கீடு தீர்ந்துட்டா லிங்க் தத்தளிக்கும். மாங்குளத்துல சிக்னலை இறக்கிப் புதுசா ஏத்துறதுதான் சரி, எப்படியும் அந்த ஊருக்கும் சேவை வேணும்தானே.

பேக்ஹால்_மீனா
அன்வர் பாய், பவர் லைன் மேல போற ஓபிஜிடபிள்யூவை விட்டுட்டீங்க. போருக்கு அப்புறம் 132 கேவி லைன் வவுனியா, கிளிநொச்சி, சுன்னாகம்னு வந்தது. உச்சில போற எர்த் கம்பிக்குள்ளயே ஃபைபர் வெச்சா குழியும் வேணாம், கண்ணிவெடிப் பயமும் குறைவு. டவர் அடிக்கு ஏற்கெனவே நிலம் அகற்றியிருப்பாங்க.

ஃபைபர்_அன்வர்
ஒத்துக்கிறேன், ஆனா பழுது பார்க்க லைன் ஷட்டவுன் வாங்கணும். மின்சார வாரியம் சொல்ற நேரம்தான். முதல் பாதையா வைக்கலாம், ஒரே பாதையா வைக்கக் கூடாது.

ரெண்டாவது பாதைன்னு சொல்லும்போது வடக்குக்கு ஒரு சிக்கல். ஆனையிறவுல ரோடு, ரயில் ரெண்டும் ஒரே ஒடுக்கமான நிலத்துல போகுது. ரயில் யாழ்ப்பாணத்துக்கு 2014 அக்டோபர்ல திரும்ப வந்தது. ரயில் ஃபைபர், ரோடு ஃபைபர்னு ரெண்டு இருந்தாலும் அந்த இடத்துல வெள்ளம் அரிச்சா ரெண்டும் சேர்ந்து போகும். வரைபடத்துல ரெண்டு நிறத்துல கோடு போட்டுட்டு "ரிங்"னு சொல்றது தப்பு. நிஜமான ரெண்டாவது வழி மேற்கால ஏ32, மன்னார்–பூநகரி–சங்குப்பிட்டி. சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரில திறந்த பிறகுதான் தரைவழி வளையம் சாத்தியமாச்சு. பாலத்துல டக்ட் போட கட்டும்போதே இடம் கேட்டு வாங்கிடணும். விரிவு இணைப்புல கேபிளுக்குத் தளர்வு விடாம இறுக்கிக் கட்டினா வெயில்ல பாலம் நீளும்போது ஃபைபர் இழுபடும்.

கே.ஆர்.புரம்_ராஜன்
எல்லாரும் பேக்ஹாலையே பேசறீங்க. கரண்டைப் பத்தி யாரும் சொல்லல. மின்கம்பி போரில் போயிட்ட இடத்தில் சைட்டின் மாதச் செலவை முடிவு பண்றது டீசல்தான்.

சைட் லோடு 1.5 கிலோவாட், 48 வோல்ட்டில் 31 ஆம்பியர். இதுக்கு வழக்கமா வைக்கிறது 15 கேவிஏ ஜென்செட் (டீசல் ஜெனரேட்டர்). அதன் திறனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் லோடு இருக்கும். அப்படிக் குறைந்த லோடில் நாள் முழுக்க ஓடினா எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் படியும், இன்ஜெக்டர் அடைக்கும், ஆயில் கறுத்துப்போகும். மணிக்கு ரெண்டு லிட்டர்னாலும் நாளைக்கு 48, மாசம் 1,440 லிட்டர். அதை லாரியில் ஏத்தி, காவலுக்கு ஆள் போட்டு, வழியில் உறிஞ்சாமல் கொண்டுபோய்ச் சேர்க்கணும்.

சரியான முறை இது. 600 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி வையுங்க, பாதி வரைதான் இறக்குங்க. 300ஐ 31ஆல் வகுத்தா ஒன்பதரை மணி நேரம். திருப்பி ஏத்த 60 ஆம்பியர், கூடவே லோடுக்கு 31, ஆக 91 ஆம்பியர், 5 கிலோவாட் ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக மாத்தும் பெட்டி). இப்போ ஜென்செட்டுக்கு நல்ல லோடு கிடைக்குது, ஆறேழு மணி நேரத்தில் வேலை முடியுது, பிறகு அணைச்சிடலாம். ஓடும் நேரம் நாளைக்குப் பத்து மணியாகக் குறையும். லோடு கூடினதால் மணிக்கு எரியறது கொஞ்சம் ஏறும், ஆனாலும் மொத்தத்தில் கணிசமான மிச்சம். மேல சோலார் தகடு சேர்த்தா பகல் நேர ஓட்டத்தை ஏறக்குறைய நிறுத்திடலாம்.

கெடுறது எங்கன்னா, சூடு. மூடின ஈய பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதி. தகரக் கொட்டகையில் 45 டிகிரியில் வெச்சா எட்டு வருஷ பேட்டரி ரெண்டு வருஷம்தான். ரெக்டிஃபயரில் வெப்பநிலை சென்சார் வயரை பேட்டரி மேல ஒட்டணும், அறைச் சுவரில் தொங்கவிடக் கூடாது. நிறைய இடத்தில் அது பெட்டிக்குள்ளேயே சுருட்டிக் கிடக்கும்.

கார்த்திக், நம்ம ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு எஸ்.பி. ரோட்டில் பழைய 48 வோல்ட் ரெக்டிஃபயர் மாட்யூல் கிடைக்கும். ஒண்ணு வாங்கிக் கூட்டத்தில் காட்டுங்க. நம்ம கர்நாடகா கதையையும் சொல்லுங்க. 1986ல் கித்தூரில் வெச்ச சி-டாட் (நம்ம அரசோட தொலைத்தொடர்பு ஆய்வு அமைப்பு) 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்ச் ஏசி அறை இல்லாமலே ஓடினது. குளிரூட்டத் தேவையில்லாத பெட்டி என்பதுதான் கிராமத்துக்கு முதல் தகுதி. அது இன்னைக்கும் மாறல.

இந்திராநகர்_கார்த்திக்
ராஜன் சார், மாட்யூல் கட்டாயம் வாங்குறேன். லைபீரியா பக்கம் வர்றேன். அங்க 2003ல போர் முடிஞ்சது, ஏஸ் கடலடி கேபிள் மன்ரோவியால கரை ஏறினது 2011. நடுவுல முழுக்க சேட்டிலைட்தானா? விசாட்டை (சின்ன டிஷ் வெச்ச சேட்டிலைட் இணைப்பு) வெச்சே ஏன் இன்டர்நெட்டை வளர்க்க முடியல?

விசாட்_லதா
முடியாததுக்குக் காரணம் மூணு, அதுல விலையை எல்லாரும் சொல்லிடுவாங்க. மத்த ரெண்டைச் சொல்றேன்.

முதல்ல தாமதம். புவிநிலை செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கி.மீ. மேல. போய்த் திரும்பி பதில் வர 600 மில்லி செகண்ட். டிசிபி (இன்டர்நெட்ல தரவு அனுப்புற விதிமுறை) பதில் வராமலே அனுப்பக்கூடிய அளவு, அதாவது விண்டோ, சாதாரணமா 64 கேபின்னு வெச்சா ஒரு இணைப்புக்கு அதிகபட்சம் 870 கேபிபிஎஸ் தான். நீங்க 10 எம்பிபிஎஸ் வாங்கினாலும் ஒரு டவுன்லோடு அதைத் தாண்டாது. அதுக்காக மோடத்துலயே முடுக்கிப் பெட்டி இருக்கும், அது டிசிபிக்குப் பொய்யான ஒப்புகை அனுப்பி விண்டோவை நிரப்பும். ஆனா விபிஎன் போட்டா அந்தப் பெட்டிக்கு உள்ள இருக்கிறது தெரியாது. அலுவலக விபிஎன் மட்டும் ஊர்ந்து போகுதுன்னு புகார் வந்தா காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது மழை. மன்ரோவியா உலகத்துலயே அதிகமா மழை பெய்யுற தலைநகரங்கள்ல ஒண்ணு. கேயு பேண்ட்ல (உயர்ந்த அலைவரிசை) சின்ன 1.2 மீட்டர் டிஷ் மலிவு, ஆனா கனமழைல விழும். சி பேண்ட் (தாழ்ந்த அலைவரிசை) நிக்கும், அதுக்கு 2.4 அல்லது 3.7 மீட்டர் டிஷ், கான்கிரீட் மேடை, பெரிய ஆம்ப்ளிஃபயர் வேணும். மழைக்காலத்துல செம்மண் ரோடு உடைஞ்சு டீசல் வண்டியும் போகாது. அப்போ லிங்க் நின்னாலும் சைட் நிக்காது. ராஜன் சார் கணக்கு அங்க ரெண்டு மடங்கு பொருந்தும்.

கேபிள் வந்தும் கதை முடியல. 2024 மார்ச் 14 அபிஜான் கடலோரத்துல ஏஸ் உட்பட நாலு கேபிள் ஒரே நாள்ல அறுந்தது. கடலடில ஏஸ் ஒண்ணையே நம்பியிருந்த லைபீரியாவுக்கு அது பலத்த அடி. பழைய சி பேண்ட் டிஷ்ஷைக் கழட்டி வித்துடாதீங்கன்னு சொல்றதுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. பேங்க், ஆஸ்பத்திரி, டிஎன்எஸ், எஸ்எம்எஸ் இதுக்கு மட்டுமாவது சில எம்பிபிஎஸ் தயாரா இருக்கணும், மாசம் ஒருமுறை அதுக்கு மாத்தி ஓட்டிப் பார்க்கணும்.

ஸ்பெக்ட்ரம்_பாலா
கம்பியும் டவரும் சரியா இருந்தாலும் உரிமம் சரியில்லன்னா ஒண்ணும் நடக்காது. இலங்கையில 2002 ஆகஸ்ட் வரைக்கும் வெளிநாட்டு கேட்வே (வெளிநாட்டு அழைப்பு வந்துபோற வாசல்) ஸ்ரீலங்கா டெலிகாம் கையில மட்டும் இருந்தது. 2003ல வெளிநாட்டு கேட்வே உரிமங்களைப் பல கம்பெனிகளுக்குக் குடுத்ததும் ஐஎஸ்டி விலை சரசரன்னு இறங்கினது. அதனால 2009ல வடக்கு திறந்தப்போ பல மொபைல் கம்பெனிகள் போட்டியோட உள்ள போகத் தயாரா இருந்தது. எல்லாத்தையும் சுழியத்துலேர்ந்து தொடங்கின நாடுகளுக்கு அந்த வசதி இல்ல. தூத்துக்குடிலேர்ந்து கல்கிசைக்கு பாரத் லங்கா கேபிள் 2006லயே வந்தாச்சு. கொழும்பு வரைக்கும் நெரிசல் இல்ல, கொழும்புலேர்ந்து வடக்கேதான் வேலை. கார்த்திக், இலங்கையையும் லைபீரியாவையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. ஒண்ணுல உள்நாட்டுப் பாதை தடை, இன்னொண்ணுல கரைக்கே பாதை இல்ல.

நம்பர் விஷயமும் பேச்சுல வரட்டும். கொசோவோல 1999 போருக்கு அப்புறம் சொந்த நாட்டுக் குறியீடு இல்லாம லேண்ட்லைன் செர்பியாவோட 381, மொபைல் மொனாக்கோவோட 377, பிறகு ஸ்லொவீனியாவோட 386ன்னு மூணு நாட்டு எண்ல ஓடினது. 383 கிடைச்சது 2016 டிசம்பர்ல. கடன் வாங்கின குறியீட்டுல வர்ற ஒவ்வொரு வெளிநாட்டு அழைப்புலயும் கடன் குடுத்த நாட்டுக்குப் பங்கு போகும்.

இந்திராநகர்_கார்த்திக்
இப்ப ஸ்டார்லிங்க் இலங்கைக்கே 2025ல வந்தாச்சே. இனிமேல் போர் ஓயுற நாட்டுக்கு மீனா மேடம் சொன்ன டவர் உயரக் கணக்கு, அன்வர் பாயோட டிரெஞ்ச் எல்லாம் வேணுமான்னு கூட்டத்துல யாராவது கேப்பாங்க.

விசாட்_லதா
முதல் ஆறு மாசத்துக்கு அருமை. தாழ்வட்டப் பாதைங்கிறதால தாமதம் பத்துல ஒரு பங்குக்குக் குறையும், ஒரு ஆள் தூக்கிட்டுப் போய் அரை மணி நேரத்துல நிறுத்திடலாம். மருத்துவமனை, கச்சேரி (அரசு அலுவலகம்), 2ஜி சைட்டுக்குத் தற்காலிகப் பின்பாதை, இதுக்கெல்லாம் அதை எடுத்துக்கலாம். ஆனா ஒரு ஸ்பாட்பீமோட (ஒரு வட்டாரத்து மேல விழுற கதிர்) கொள்ளளவை அந்த வட்டாரம் முழுக்கப் பங்கு போடுது. சண்முகம் அண்ணாவோட 400 எம்பிபிஎஸ் ஹப்பை பக்கத்துப் பக்கத்துல பத்து வெச்சா அது தாங்காது. டிஷ் 50லேர்ந்து 100 வாட் தொடர்ந்து இழுக்கும், சோலார் கணக்குல அதை மறந்துடக் கூடாது.

கோபுரம்_சண்முகம்
ஒரு வேலை பாக்கி. டவர், ஃபைபர் எல்லாம் போட்டு முடிச்சுக் கையளிக்கும்போது கேட்டு வாங்க வேண்டிய தாள்களைச் சொல்லிடறேன், இதைத்தான் எல்லா இடத்துலயும் விட்டுடறாங்க. ஒவ்வொரு ஃபைபருக்கும் ரெண்டு முனையிலேர்ந்தும் 1310, 1550 ரெண்டுலயும் ஓடிடிஆர் (ஃபைபர்ல எங்க இழப்புன்னு காட்டுற கருவி) வரைவு. ஒவ்வொரு ஜாயிண்ட்டோட ஜிபிஎஸ் இடம். கண்ணிவெடி அகற்றல் சான்றிதழ் நகல் சைட் ஃபைலுக்குள்ளயே. மைக்ரோவேவுக்கு 24 மணி நேர எரர் டெஸ்ட் போதாது, நீரேரி ஹாப்புக்கு ஒரு வாரமாவது ராத்திரி அளவுகளோட வேணும். எர்த் ரெசிஸ்டன்ஸ் வெயில் காலத்துல எடுத்ததா இருக்கணும், மழை பேஞ்ச மறுநாள் எடுத்தா எந்த மண்ணும் நல்ல எண்ணைத்தான் காட்டும்.

பூநகரிக்_காற்று
ஜாயிண்ட் இடம் எழுதும்போது கி.மீ. கல்லைக் குறிப்பாக வைக்க வேண்டாம். சாலை திரும்பப் போட்டால் கல் நகரும்.